சாவா மூவாப் பேராடு: ஊர் மனநலக் குழுவின் வரவும் செலவும்

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடர் பழக்கமானது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் பெரும்பாலும் 96 ஆடுகளை எழுதிவைப்பார். அந்த ஆடுகளை இடையர்கள் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் இத்தனை அளவு நெய் அளப்பதாக ஒப்புக்கொள்வார்கள். ஆடு கிழடு தட்டும், நோய் கண்டு சாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஏற்றவரின் கடமை. ஆகவே கோயில் கணக்கில் அந்த ஆடுகளுக்குச் சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது. கொடுத்தவர் விளக்கோடு நிறுத்திக்கொள்ளாமல், நாளைக் காலை ஊற்ற வேண்டிய நெய் எங்கிருந்து வரும் என்பது வரை யோசித்திருக்கிறார். இன்று நான் பேச வந்தது ஊர் அளவில் நடக்கும் சிறிய மனநல, உடற்பயிற்சிக் குழுக்களைப் பற்றி. குறிப்பாக அவற்றின் வரவு செலவைப் பற்றி. அங்கே விளக்கு வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது, நெய்க்குத்தான் கிடைப்பதில்லை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய குழுவில் வேலை செய்கிற மருந்து அதை நடத்தும் ஆள்தான். அவருடைய மாதச் சம்பளமே குழுவின் முதற்செலவாக இருக்க வேண்டும். அந்தச் சம்பளம் ஒரே பெரிய கொடையாளரை நம்பியிராமல், ஊரின் பல கைகளிலிருந்து மாதந்தோறும் வர வேண்டும்.

எந்த மாதிரிக் குழுவைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு பள்ளி மைதானம் அல்லது ஒரு குளக்கரை. வாரத்தில் மூன்று நாள், நாற்பது பேர். முக்கால் மணி நேரம் நடை, கை கால் நீட்டும் பயிற்சி, பந்து வீசும் விளையாட்டு. பிறகு அரை மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து பேச்சு, ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்கு காபி. மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் சிலர் வருவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே தாமும் தேய்ந்துபோன தாய்மார்கள் வருவார்கள். துணையை இழந்த முதியவர்கள், தூக்கம் வராதவர்கள், காரணம் சொல்லத் தெரியாத வருத்தத்தோடு வருபவர்கள் எல்லாரும் அந்த வட்டத்தில் இருப்பார்கள். இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு சாட்சி. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. இன்னொரு பக்கம், கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தச் சாவுகளில் பெரும்பகுதி இதய நோய், சர்க்கரை, தொற்று போன்ற உடல் நோய்களால் வருபவை. சில மாத்திரைகள் உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடுவதும் உண்டு. மனநல மருத்துவர் மனத்தைப் பார்க்கிறார், சர்க்கரை டாக்டர் சர்க்கரையைப் பார்க்கிறார், இடையில் முழு ஆளை யாரும் பார்ப்பதில்லை. மனத்துக்கு ஒரு குழு, உடம்புக்கு ஒரு குழு என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே மைதானத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். உடற்பயிற்சி மனநோய்க்கு மருந்தா, அதற்கு என்ன ஆதாரம் என்று மருத்துவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1999இல் வெளியான, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஐம்பது வயதைக் கடந்த, மனச்சோர்வு உள்ள 156 பேரை வைத்து நடந்த ஆய்வில், வாரம் மூன்று நாள் குழுவாக உடற்பயிற்சி செய்தவர்களும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களும் 16 வாரங்களின் முடிவில் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். மாத்திரை தொடக்கத்தில் விரைவாக வேலை செய்தது என்பதையும் அந்த ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு 218 ஆய்வுகளை, 14,170 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்து, நடை, ஓட்டம், யோகா, எடைப்பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்கின்றன என்றது. ஆனால் இதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. 2012இல் வெளியான, இங்கிலாந்தில் மனச்சோர்வு உள்ள 361 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவினரை மட்டும், வழக்கமான சிகிச்சையோடு, உடலை அசைக்கும்படி ஒருவர் நேரிலும் தொலைபேசியிலும் தொடர்ந்து ஊக்கப்படுத்தினார். அவர்கள் முன்பைவிட அதிகம் அசைந்ததாகச் சொன்னார்கள். மனச்சோர்வு மட்டும் மற்றவர்களைவிடக் குறையவில்லை. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் உடற்பயிற்சியின் பலன் சிறிதாகிவிடுகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும் சொல்லியிருக்கிறது.

இந்த இரண்டு பக்கச் சான்றுகளையும் சேர்த்துப் படித்தால் என் வாதம் பலவீனப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. டியூக்கில் பலன் கண்டவர்கள் ஒன்றாகக் கூடி, ஒருவர் மேற்பார்வையில் வியர்த்தவர்கள். இங்கிலாந்தில் பலன் காணாதவர்களுக்குக் கிடைத்தது ஆலோசனை. அதைக் கேட்டுவிட்டுத் தனியே நடந்தார்கள். கூடியதனால் வந்த பலனா, வியர்த்ததனால் வந்த பலனா என்று பிரித்தறிய முடியவில்லையே என்பது ஆய்வாளரின் கவலை. அந்தக் கவலை அறிவியலுக்குத் தேவை. ஊர்க் குழுவை நடத்துபவருக்கோ இரண்டும் சேர்ந்தே வேண்டும். பிரிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. இதிலிருந்து கறாரான ஒரு முடிவும் கிடைக்கிறது. ‘தினமும் நடங்கள்’ என்று துண்டறிக்கை அடிப்பதற்கும் பேனர் கட்டுவதற்கும் செலவிடும் பணம் இந்த வேலைக்கு அநேகமாக உதவாது. கூட வந்து நடக்கும் ஆளுக்குச் செலவிடும் பணம் உதவும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் குழு மாத்திரைக்கு மாற்று ஆகாது. ‘ஓடினால் போதும், மருந்தை நிறுத்து’ என்று யாராவது ஒருவர் ஆர்வக்கோளாறில் சொல்லிவிட்டால், பல ஆண்டு உழைப்பில் வந்த நிதானம் சில வாரங்களில் கலைந்துபோகும். குழுவின் முதல் விதியே மருந்தைப் பற்றி மருத்துவர் மட்டுமே பேசுவார் என்பதாக இருக்க வேண்டும்.

அடுத்து, மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்ற கேள்வி. இதற்கான விடை நம் பக்கத்திலேயே, கோவாவில் கிடைத்திருக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. மனநலத்தில் பட்டம் எதுவும் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். பேச்சின் மையம், விட்டுப்போன அன்றாட வேலைகளை மெல்ல மறுபடி தொடங்க வைப்பது. மூன்று மாதத்தில், இந்த ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேர். மனச்சிதைவு போன்ற கடும் நோயிலும், கோவா, சதாரா, காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் 282 பேரிடம் நடந்த ஆய்வு, வீடு தேடிச் சென்ற உள்ளூர்ப் பணியாளர்களால் மிதமான, ஆனால் உறுதியான முன்னேற்றம் வந்ததைக் காட்டியது. அதில் சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃபும் பங்கெடுத்தது.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்துக் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பணமில்லாமையிலிருந்து பிறந்தது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளி ஒருவர், மருத்துவமனைக்கு வர 15 டாலர் பேருந்துக் கட்டணம் இல்லாததால் வராமலே உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் வேலையை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக அவர் முயன்றபோது, கொடுக்க நர்சுகளும் இல்லை, கட்டடத்துக்குள் அறையும் இல்லை. கிடைத்தவர்கள், நகரச் சுகாதாரத் துறையில் ஏற்கெனவே சமூகப் பணியாளர்களாக இருந்த 14 பாட்டிமார்கள். அறை இல்லாததால் சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்சு போட்டார்கள். அந்த ஊரின் ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு மக்கள் சொல்லும் சொல் குஃபுங்கிசிசா, அதாவது ஓயாமல் யோசிப்பது. நம் ஊரில் ‘யோசிச்சு யோசிச்சே உடம்பு போச்சு’ என்கிறோமே, அதே. பாட்டி முதலில் முழுவதையும் கேட்பார், பிறகு பல பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து அதற்கு அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடிக்க வைப்பார். பெஞ்சு முடிந்தபின் ஒரு குழு உண்டு. அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு கொக்கி ஊசியால் பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் திறப்பது எளிது. எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, பின்னிய பைக்குக் கொஞ்சம் காசும் வரும். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு அறிகுறிகள் பெஞ்சுக்கு வந்தவர்கள் பக்கம் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பக்கம் 50 பேருக்கும் இருந்தன. அந்தப் பெஞ்சின் விலையை எவரும் ஆராயவில்லை. ஆராய்ந்தது பாட்டிமார்களின் வேலையை.

கோவாவிலும் ஹராரேயிலும் இந்த ஆட்கள் என்னதான் செய்தார்கள் என்பதை நம் மைதானத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். குழுவை நடத்தும் ஒருங்கிணைப்பாளரின் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். அதில் வந்தவர்களுக்கு நேரே டிக் போடுவது பாதி வேலைதான். டிக் இல்லாத கட்டங்கள்தான் அவருடைய உண்மையான வேலை. ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லையென்றால் அன்று மாலையே ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்றாம் முறையும் வரவில்லையென்றால் வீட்டுக்கு நடை. மனச்சோர்வு கூடும்போது மனிதர் முதலில் கைவிடுவது வெளியே வருவதைத்தான் என்பதால், அந்தக் காலிக் கட்டம் ஒரு அறிகுறி. இதை எந்த உடற்பயிற்சிக் கருவியும் கவனிக்காது. நேரத்தை முடிவு செய்வதிலும் இந்தக் கவனம் வேண்டும். உடற்பயிற்சி என்றாலே விடிகாலை ஐந்தரை என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் இரவு மாத்திரை சாப்பிடுபவர் பலருக்குக் காலையில் மயக்கம் கலையவே எட்டு, ஒன்பது ஆகிவிடும். வீட்டுப் பெண்களுக்கோ அந்த நேரத்தில் அடுப்பும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். அவர்களையெல்லாம் உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால் மாலை நான்கரை மணிக்கும், பெண்களுக்குத் தனியே காலை பத்து மணிக்கும் என்று வைக்க வேண்டியிருக்கும். பூட்டாத கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். மருந்து விஷயமும் இருக்கிறது. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடும் ஒருவர் சித்திரை வெயிலில் வியர்த்து ஓடி, தண்ணீர் குடிக்காமல் விட்டால், உடலில் நீர் குறைந்து ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி என்று தொடங்கி ஆபத்தாகவே முடியலாம். இதைத் தெரிந்து தண்ணீர்ப் பானையைப் பக்கத்தில் வைப்பவரும், யார் எந்த மாத்திரையில் இருக்கிறார் என்று மருத்துவரோடு மாதம் ஒருமுறை பேசுபவரும் வேண்டும். சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒருவர் வட்டத்தில் வாய்விட்டுச் சொன்னால், அவரைத் தனியே விடாமல், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழைத்து, அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் ஆள் வேண்டும்.

இத்தனைக்கும் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஊர் ஊராக உடற்பயிற்சிக் கூடங்கள் கட்டப்பட்டன, பூங்காக்களில் மஞ்சளும் நீலமுமாக இரும்புக் கருவிகள் நட்டு வைக்கப்பட்டன. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது, நல்ல காரியம். மனநல முகாம் என்றால் ஒரு நாள் பந்தல், பேனர், சிறப்பு விருந்தினர். கொடுப்பவரின் மனம் எனக்குப் புரிகிறது. கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், முகாமில் புகைப்படம் எடுக்கலாம். ஒருவர் மார்ச் மாதத்தில் பதினாறு வீடுகளுக்குப் போய் வந்தார் என்பதில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆனாலும் நம் மரபிலேயே தொடர்செலவுக்குக் கொடுப்பது புதிதல்ல என்பதை நினைவூட்ட வேண்டும். நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்ததைத் தொடக்கத்தில் சொன்னேன். கோயிலில் அன்றாட பூசைக்கும் அன்னதானத்துக்கும் கட்டளை வைப்பது இன்றும் நடக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதும் நோட்டை எடுத்துப் பாருங்கள்: நூறும் ஐந்நூறுமாகப் பலர் சேர்ந்து ஒருவரின் பெருஞ்செலவைத் தாங்கும் கணக்கு அது, திரும்பச் செய்ய வேண்டும் என்ற பொறுப்போடு எழுதப்பட்டது. ஊர் மனநலக் குழுவுக்கான வரவை அந்தப் பழக்கத்தின் மேல் கட்டலாம்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். இது எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். தலா நாற்பது பேர் கொண்ட இரண்டு குழுக்கள், இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள், பகுதிநேரம், தலா 12,000 ரூபாய். மொத்தம் 24,000. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து அவர்களோடு உட்காரும் மனநல சமூகப் பணியாளருக்கு 6,000. தொலைபேசிக்கும் பெட்ரோலுக்கும் 3,000. சுக்கு காபி, சுண்டலுக்கு 3,000. மருத்துவமனைக்குப் போக முடியாதவர்களின் பேருந்துக் கட்டணத்துக்கும் அவசரத்துக்கும் 4,000. மைதானம் பள்ளியுடையது, வாடகை இல்லை. ஆக மாதம் 40,000, ஆண்டுக்கு 4,80,000. தலைக்கு மாதம் 500 ரூபாய். இந்தக் கணக்கில் சம்பளமும் மதிப்பூதியமும் முக்கால் பங்கு. பல நிதியுதவியாளர்கள் இந்த முக்கால் பங்கைப் பார்த்ததும் ‘நிர்வாகச் செலவு அதிகம்’ என்பார்கள். மருத்துவமனையில் மருத்துவர் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று யாரும் சொல்வதில்லை. அதே நியாயம் இவர்களுக்கும் வேண்டும்.

வரவுப் பக்கத்துக்கு வருவோம். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றையாவது தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பணத்தைத்தான் சிறு குழுக்கள் முதலில் துரத்துகின்றன. கிடைத்தால் நல்லது. ஆனால் அது நிதியாண்டுக் கணக்கில் ஓடும் பணம். நிறுவனத்தின் லாபம் சரிந்தாலோ, அந்தத் துறையின் மேலாளர் மாறினாலோ, அவர்களுடைய விருப்பம் மரம் நடுவதற்குத் திரும்பினாலோ, ஏப்ரலில் சம்பளம் நின்றுவிடும். நாற்பது பேருக்கு அது திட்டம் முடிந்தது என்ற செய்தியாகப் போய்ச் சேராது. மறுபடியும் ஒருவர் நம்மை விட்டுப் போய்விட்டார் என்றுதான் போய்ச் சேரும். வெளிநாட்டு நிதி பெரும்பாலான சிறு குழுக்களுக்கு எட்டாது. அதற்கான பதிவுக்கு மூன்று ஆண்டு அனுபவமும், அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் கேட்கிறார்கள். ஆகவே நான் சொல்லும் பங்கீடு வேறு. ஊரில் 150 பேர் மாதம் 100 ரூபாய் தந்தால் 15,000. குழுவுக்கு வருபவர்களில் முடிந்த பாதிப்பேர் மாதம் நூறு தந்தால் 4,000. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, வணிகர் சங்கம் என்று உள்ளூரிலிருந்து 9,000. மீதி 12,000 ரூபாய்க்கு மட்டும் சி.எஸ்.ஆர். அல்லது ஓர் அறக்கட்டளை. எந்த ஒரு கையும் முப்பது சதவீதத்துக்கு மேல் தாங்கவில்லை. 150 பேரில் இருபது பேர் விட்டுப்போவார்கள், வேறு இருபது பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். மந்தையைக் குட்டிகளால் நிரப்புவது போலத்தான். இதற்கு ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதிவு செய்து, நன்கொடைக்கான வரிச்சலுகைச் சான்று வாங்கிவிட்டால், பழைய வரிமுறையில் வரி கட்டும் கொடையாளருக்கு வருமான வரியிலும் சலுகை கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அந்தச் சலுகை போய்விடும் என்பதையும் பொருளாளர் நினைவில் வைக்க வேண்டும்.

வருபவர்களிடமே காசு கேட்பதா என்பார்கள். கட்டாயமாகக் கேட்டால் தவறு. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியாதபடி ஓர் உண்டியல் இருந்தால் போதும். கொடுக்க முடிந்தவருக்குக் கொடுப்பதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது. இத்தனை நாள் வீட்டில் எல்லோரும் தனக்குச் செய்துகொண்டே இருக்க, தானும் ஒன்றுக்குத் தன் பங்கைத் தருகிறோம் என்ற நிலை நோயிலிருந்து மீள்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை. இதைவிடக் கடினமான ஆட்சேபம், சேவைக்குச் சம்பளம் எதற்கு, தன்னார்வலர்கள் போதாதா என்பது. இங்கிலாந்தின் பார்க்ரன் இதற்கு உதாரணமாகக் காட்டப்படும். 2004 அக்டோபர் 2ஆம் நாள் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதில் தொடங்கி, சனிக்கிழமை தோறும் ஐந்து கிலோமீட்டர், கட்டணமில்லாமல், தன்னார்வலர்களாலேயே நடந்து உலகம் முழுக்கப் பரவிய இயக்கம் அது. நான் அதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் 2016இல் பிரிஸ்டல் அருகே ஸ்டோக் கிஃபோர்ட் ஊராட்சி, பூங்காப் பாதை தேய்கிறது, பராமரிப்புக்குப் பணம் தாருங்கள் என்று கேட்டது. கட்டணம் வாங்குவதில்லை என்ற கொள்கையில் பார்க்ரன் உறுதியாக இருந்ததால் அங்கே ஓட்டம் நின்றுபோனது. இலவசம் என்று நாம் சொல்வதற்கும் எங்கோ ஒருவர் செலவு செய்துகொண்டிருக்கிறார் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. நம் ஊரில் அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு பெண். அவரிடம் ‘சேவை’ என்று சொல்லி மூன்று ஆண்டு வேலை வாங்குகிறோம். பிள்ளை காலேஜுக்குப் போகும் ஆண்டில் அவர் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுகிறார், குழுவும் கலைகிறது. மேலும், சனிக்கிழமை ஓடுவதற்கு ஆரோக்கியமானவர் தானாக வருவார். மூன்று முறை வராதவரின் வீட்டுக் கதவைத் தட்டப் போவது வேறு வேலை. அது ஒருவரின் கடமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும், கடமைக்குக் கூலி உண்டு. தன்னார்வலர்கள் பயிற்சி நடத்தலாம், பந்து பிடிக்கலாம், காபி போடலாம். நோட்டு மட்டும் சம்பளம் வாங்குபவரிடம் இருக்கட்டும்.

அரசின் வேலையை ஊர் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. கர்நாடகத்தின் பெல்லாரியில், பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய சோதனை முயற்சியிலிருந்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மருத்துவர், மருந்து, மாத்திரை ஆகியவை அரசின் கடமை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அதை உரிமையாகவே சொல்கிறது. ஊர்க் குழு மருத்துவரை நியமிக்கக் கூடாது, மருந்து வாங்கக் கூடாது. அரசைக் கேட்டு வாங்க வேண்டும். புதுக்கோட்டையில் ஸ்கார்ஃப் 2010 முதல் பேருந்திலேயே காணொலி வழியாக மருத்துவரைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறது. தூரம் ஒரு சாக்கு ஆகாது. உள்ளூர்ப் பெண்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வீடு வீடாக அனுப்பினால் வேலை நடக்கும் என்பதை, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அரசுக்கே காட்டியிருக்கிறது. அந்தத் திட்டத்தின் பணியாளர் பட்டியலில் மனநலத் துணையாளரையும் சேர்க்க நாம் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். ஆனால் அரசாணை வரும் வரை காலிக் கட்டங்களுக்கு நேரே உள்ள பெயர்கள் காத்திருக்க முடியாது. நாளைக்கு அரசு முன்வந்தாலும், நடத்திக் காட்டிய இருபது குழுக்களின் நோட்டுகளைவிட நல்ல திட்ட வரைவு அதற்குக் கிடைக்காது.

கொடையாளர் கேட்கும் ‘பலன்’ பற்றி ஒரு வார்த்தை. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணை மட்டும் காட்டாதீர்கள்; அந்த எண்ணை ஏற்றுவதற்காக ஆரோக்கியமானவர்களைச் சேர்த்துக்கொண்டே போகும் ஆசை வரும், நோயுள்ளவர் மெல்ல ஓரத்துக்குப் போவார். விட்டுப்போனவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், முன்பு மருத்துவரைப் பார்க்காத எத்தனை பேர் இப்போது தொடர்ந்து பார்க்கிறார்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எத்தனை பேருக்குச் சோதிக்கப்பட்டது, இந்த மூன்றும் போதும். பெயரில்லாமல், ஒரு பக்கத்தில். தனிமனிதரின் கதையையோ படத்தையோ அறிக்கையில் போடும்படி கேட்டால் மறுத்துவிட வேண்டும், அதனால் பணம் போனாலும்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. இத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகும் சில குழுக்கள் மூடப்படும். ஆகவே தொடங்கும் நாளிலிருந்தே மூன்று மாதச் செலவு, நம் கணக்கில் 1,20,000 ரூபாய், வங்கியில் தனியே சேர வேண்டும், அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. கஷ்டத்தைத் தாண்டுவதற்கு என்று மட்டும் அதை நினைக்காதீர்கள். ஒழுங்காக மூடுவதற்கும் அது வேண்டும். மூடுவது உறுதியானால் முதல் மாதம் வட்டத்தில் உட்கார்ந்து எல்லோரிடமும் நேராகச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதம் ஒவ்வொருவரையும் ஒருங்கிணைப்பாளர் தானே கூட்டிக்கொண்டு போய், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அந்த ஆளையும் அங்குள்ள மருத்துவரையும் ஒருவரையொருவர் நேரில் பார்க்க வைக்க வேண்டும். மூன்றாம் மாதம் நடை மட்டும் நடக்கும், பேச விரும்புபவர்கள் பேசுவார்கள். கடைசி நாளில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை இருக்க வேண்டும்: அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி, எந்தப் பேருந்து, எந்த அறை, 14416, இன்னும் மாலையில் அதே குளக்கரையில் நடக்கப்போகும் இரண்டு பேரின் பெயர்.